நீ கேட்கவே இல்லையே

மலேசியாவில் எங்கள் ஊர், வெட்கப்பட்டுப் பெயரை மாற்றிக்கொண்ட ஊர். பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. மலாயில் பத்தாங் என்றால் தண்டு, கம்பு, அடிமரம். பெர்ஜுந்தை என்றால் தொங்குவது. சிலாங்கூர் ஆற்றின்மேல் சாய்ந்து கிடந்த ஏதாவதொரு மரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயராக இருக்கும். ஆனால் கொச்சை மலாயில் பத்தாங்குக்கு வேறொரு பொருளும் உண்டு. எந்த ஊர் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று புதுப் பெயர் வந்தது. பெஸ்தாரி என்றால் அறிவுள்ள என்று அர்த்தம். "பேரை மாத்திட்டா தொங்கறது நின்னுடுமா?" என்று எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஒருவர் கேட்பார். இன்றைக்கும் எங்களுக்கு அது பத்தாங்தான்.

இந்த ஊரின் கடைவரிசையில் உள்ள ஒரு மருந்தகத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நான் மருந்தாளுநர் இல்லை, உதவியாளர். மருந்தாளுநர் ஒரு சீன அம்மா, பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் இருப்பார். கல்லாவில் ஒரு மலாய்ப் பெண். நடுவில் நான். ஒரு ஊரின் இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், மூலம், பொடுகு எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் என் வேலையின் பாதி. இங்கேயும் ஆட்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஆணுறை இருக்கும் அலமாரி என் நேர் எதிரே. சீன அங்கிள்கள் பற்பசை எடுப்பதுபோல எடுத்துப் போவார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்கள் வாசலில் நுழையும்போதே "பில் காபே அடா?" என்று சத்தமாகக் கேட்பார்கள். காபே என்பது அவர்கள் நாட்டுக் குடும்பத் திட்டத்தின் சுருக்கப் பெயர். ரேஷன் அரிசி கேட்பதுபோல இருக்கும். நம் பையன்கள்தான் பாவம். முதலில் வைட்டமின் பக்கம் நிற்பார்கள். அப்புறம் ஷாம்பூ. அப்புறம் நான் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து ஒரு பெட்டியை எடுத்து, அதன்மேல் ஒரு பனடோல் அட்டை, ஒரு இருமல் மிட்டாய், ஒரு ரேஸர் என்று அடுக்கி மூடிக்கொண்டு வருவார்கள். கல்லாவில் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேன் செய்வார்கள் என்பது அவர்களுக்கு அங்கே வந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

ஒரு தம்பி ஒருநாள் என்னிடம் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினான். தமிழில் எழுதியிருந்தான். தமிழில் எழுதினால் கல்லாப் பெண்ணுக்கும் சீன அம்மாவுக்கும் புரியாதல்லவா, கெட்டிக்காரன். பிரித்துப் பார்த்தேன். ஒரே சொல்: கொண்டோம். எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. எதைக் கொண்டோம், எங்கே கொண்டோம்? பிறகுதான் மலாய்க்காரர்கள் 'கொண்டோம்' என்று சொல்வதை அப்படியே எழுதியிருக்கிறான் என்று புரிந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த பிள்ளை, தமிழில் ரகசியம் எழுதத் தெரிந்த பிள்ளை, ஆனால் அந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இருப்பது தெரியாத பிள்ளை. கையுறை, காலுறை, தலையணை உறை என்றெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லும் நம் வாய், இந்த ஓர் உறையிடம் மட்டும் மூடிக்கொள்கிறது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அம்மாவின் நினைவு வந்துவிட்டது.

1986 வாக்கில் எனக்கு ஏழு வயது. நாங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். அம்மா நாலரைக்கு எழுந்து, வரக்காப்பி போட்டு, பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போவதற்கு முன் அடுப்படியில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி விழுங்குவார். விடிந்து பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டப் போகும் வேகத்தில் சீப்பை மறப்பார், டார்ச் லைட்டை மறப்பார், அந்த மாத்திரையை மறந்ததே இல்லை. எனக்கு அந்த அட்டை மேல் ஒரு மயக்கம். இருபத்தெட்டு மாத்திரை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. கடைசி ஏழு மட்டும் வேறு நிறம். எதற்கு என்று கேட்டேன். "தலைவலி மாத்திரை" என்றார். தினமும் விடியற்காலையில் தவறாமல் தலைவலிக்கும் என் அம்மா மேல் எனக்கு இரக்கமாக இருந்தது.

முப்பது வருஷம் கழித்து மருந்தகத்தில் முதல் நாள், பெட்டிகளை அடுக்கும்போது அதே போன்ற அம்புக்குறி அட்டையைக் கையில் எடுத்தேன். இருபத்தொரு மாத்திரையில் ஹார்மோன். அது கருமுட்டை வெளிவராமல் தடுக்கும், கருப்பைவாயின் சளியைக் கெட்டியாக்கும். கடைசி ஏழில் மருந்து கிடையாது, பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதற்காகச் சேர்த்த வெறும் மாத்திரை. சில அட்டைகளில் அந்த ஏழும் இரும்புச்சத்து. மலாய் ஆங்கிலம் எதுவும் வாசிக்கத் தெரியாத அம்மா, அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டே பதினாலு வருஷம் நடந்திருக்கிறார்.

அம்மா தனி ஆள் இல்லை. லயத்தில் பாதிப் பெண்களிடம் அந்த அட்டை இருந்தது. இதில் ஒரு வரலாறு உண்டு. சிலாங்கூரில் குடும்பத் திட்டச் சங்கம் 1953-லேயே தொடங்கிவிட்டது. நாடு தழுவிய கூட்டமைப்பு 1958-இல். அரசாங்கமே சட்டம் போட்டுத் தேசியக் குடும்பத் திட்ட வாரியத்தை அமைத்தது 1966-இல். எங்கள் தோட்டத்தில் முதலில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஐயாவிடம் மாத்திரை கிடைத்ததாம். பிறகு வேனில் மிஸ்ஸி, அதாவது தாதி, வருவார். வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பெண்களை உட்காரவைத்துப் படம் காட்டுவாராம். தோட்ட நிர்வாகம் இதற்கு இடம் கொடுத்தது வெறும் கரிசனத்தால் என்று நான் நம்பவில்லை. பேறுகாலம் என்றால் வெட்டு நிற்கும், கணக்கில் ஆள் குறையும். ஆனாலும் யாருக்கு லாபமாக இருந்தால் என்ன, அஞ்சாவது பிள்ளைக்கு மேல் வேண்டாம் என்று நினைத்த பெண்ணுக்கு அது கைக்கு எட்டியது. 1984-இல் அரசாங்கம் கொள்கையை மாற்றி, 2100-க்குள் நாட்டு மக்கள்தொகை 7 கோடி ஆகவேண்டும் என்று சொன்னது. வாரியத்தின் பெயரும் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அம்மாவிடம் இதைச் சமீபத்தில் சொன்னேன். "ஏழு கோடியா? அதுக்கு யாரு பால் காய்ச்சறது?" என்று கேட்டுவிட்டுக் கீரையை ஆயப் போய்விட்டார்.

எனக்குக் கல்யாணம் 2001-இல், இருபத்திரண்டு வயதில். முதல் நாள் இரவு அத்தை என்னை அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லருகே அழைத்துப்போய் மூன்று வாக்கியம் சொன்னார். "பயப்படாதே. வலிச்சா முகத்துல காட்டாதே. காலையில தலைக்குக் குளிச்சிடு." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாலியல் கல்வி. இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டான படிவம் மூன்றில், 1994-இல், அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் ஒரு முழுப் பாடம் இருந்தது. ஆசிரியர் அந்தப் பக்கங்களுக்கு வந்ததும் "இத வீட்ல படிச்சிக்குங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினார். வீட்டில் எங்கே படிப்பது? அண்ணன் இருக்கிறான், அப்பா இருக்கிறார். பக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டு மூடியே வைத்திருந்தேன்.

என் கணவர் நல்லவர். அவருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் ஆண் என்பதால் தெரிந்ததுபோல இருக்கவேண்டிய கட்டாயம். யாரோ நண்பர் சொன்னாராம்: மாதவிலக்குக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ஆபத்து, நடுவில் உள்ள நாட்கள் பாதுகாப்பு. இதைவிடக் கச்சிதமாகத் தலைகீழாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. கருமுட்டை வெளிவருவது பெரும்பாலும் அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் பதினாலு நாள் முன்னால், அதாவது நட்ட நடுவில். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். மாதம் ஒழுங்காக வராதவர்களுக்கு எந்த நாளையும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. நாங்கள் ஒரு வருஷம் பொறுக்கலாம், வாடகை வீடு, அவர் வேலை நிரந்தரமாகவில்லை என்று பேசி முடிவெடுத்து, நட்ட நடுவில் மிகப் பாதுகாப்பாக நடந்துகொண்டோம். இரண்டாவது மாதமே தலைசுற்றல்.

அழுதுகொண்டே அம்மாவிடம் போனேன். அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். சூடாகக் கஞ்சி கொடுத்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நான் பதினாலு வருஷம் மாத்திரை தின்னவதானே. நீ கேட்கவே இல்லையே."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மெல்லுகிறேன். அது தலைவலி மாத்திரை இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் ஆட்களுக்கு இந்த விஷயமே தெரியாது, தோட்டக்காரர்கள் அறியாமையில் கிடந்தார்கள் என்று பட்டணத்தில் பேசுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கழுத்தில் தாலி ஏறி, மடியில் ஒன்று இரண்டு ஏறிய பிறகு மிஸ்ஸியும் சொல்வார், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார், அம்மாவும் சொல்வார். அதற்கு முன்னால் சொல்லக்கூடாது. அதாவது தீயணைப்பு வண்டிக்கு வீடு எரிந்த பிறகுதான் விலாசம் கொடுப்போம்.

இதைக் கடையில் வாரம்தோறும் பார்க்கிறேன். போன வருஷம் ஒரு பெண் வந்தாள், கல்லூரியில் படிக்கிற வயது. வியாழக்கிழமை மதியம், கடையில் யாரும் இல்லாத நேரம். "அக்கா, அந்த மறுநாள் மாத்திரை இருக்கா?" எப்போது என்று கேட்டேன். சனிக்கிழமை இரவு. விரல்விட்டு எண்ணினேன், நான்கு நாளுக்கும் மேல். இத்தனை நாள் என்ன செய்தாள்? அன்னாசி தின்றிருக்கிறாள், பப்பாளிக்காய் தின்றிருக்கிறாள், எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்றிருக்கிறாள், கைப்பேசியில் யாரோ சொன்னதைக் கேட்டு மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறாள். எங்கள் கடை அவள் விடுதியிலிருந்து பத்து நிமிஷம்.

சீன அம்மாவிடம் அழைத்துப்போனேன். இந்த மாத்திரையை மருந்தாளுநர்தான் கொடுக்கவேண்டும், நான் கொடுக்க முடியாது. அவர் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். நாங்கள் விற்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போடவேண்டியது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது. ஐந்து நாளுக்குள் மருத்துவர் கருப்பைக்குள் செம்பு ஐ.யூ.டி. என்ற சின்னக் கருத்தடைச் சாதனத்தை வைத்தால் கருத்தரிப்பதைத் தடுக்க இன்னும் வழி உண்டு, ஆனால் அதற்கு இன்றைக்கே போகவேண்டும். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க ஐ.சி., அடையாள அட்டை, கேப்பாங்களா? அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமா?"

போனாளா, போகவில்லையா, தெரியாது. மூன்று வாரம் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை வந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே போய் ஒரு பாக்கெட் பேட் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது லேசாகத் தலையசைத்தாள். என் வாழ்க்கையில் ஒரு பேட் பாக்கெட் விற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று இந்த ஊரில் கேட்டுப்பாருங்கள், கருக்கலைப்பு இந்த நாட்டில் குற்றம், ஜெயில் என்பார்கள். முழுக்க அப்படி இல்லை. குற்றவியல் சட்டம் 312-ஆம் பிரிவை 1989-இல் திருத்தினார்கள். கர்ப்பத்தைத் தொடர்வதால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது உடல் நலத்துக்கோ மனநலத்துக்கோ அதைக் கலைப்பதைவிடப் பெரிய கேடு வரும் என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் அவர் செய்யலாம். மனநலம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. இதைப் படித்தவர்கள் பலருக்கே தெரியாது. தெரியாததால் ஓடி ஒளிந்து, கடைசியில் செய்தித்தாளில் கழிவறை, குப்பைத்தொட்டி, பச்சைக்குழந்தை என்று படிக்கிறோம். பெட்டாலிங் ஜெயாவில் 2010-இல் குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுச்செல்ல ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். அந்தக் கதவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு ஒன்பது மாதம் முன்னால் ஒரு கதவு இருந்திருக்கலாம்.

சரி, கோயில் மண்டபக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கோயில் ஒன்றில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் முகாம் வைப்பார்கள். பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரை. தேவாரம், யோகா, போதைப்பொருள் ஒழிப்பு, சாலைப் பாதுகாப்பு, இணைய மோசடி. இரண்டு வருஷத்துக்கு முன் திட்டமிடும் கூட்டத்தில் நான் கைதூக்கினேன். ஓய்வுபெற்ற மிஸ்ஸி ஒருவர் எனக்குத் தெரியும், நல்ல தமிழ், அவரை ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாமே என்றேன். எதைப் பற்றி? சொன்னேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

முதல் மறுப்பு, கோயில் மண்டபத்தில் இதைப் பேசுவதா. இரண்டாவது, சொல்லிக்கொடுத்தால் செய்து பார்ப்பார்கள். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய பாலியல் கல்வி வழிகாட்டிக்காகப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முறையான பாடம் படித்த பிள்ளைகள் சீக்கிரம் ஆரம்பிப்பதில்லை. ஆரம்பிக்கும்போது பாதுகாப்பாக இருப்பதுதான் கூடுகிறது. நம் சுகாதார அமைச்சு 2017-இல் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் 7.3 விழுக்காட்டினர் உடலுறவு கொண்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். நாற்பது பேர் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் கோயில் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணோடு, அவள் சம்மதித்தாலும், உறவு கொள்வது சட்டப்படி கற்பழிப்பு. காதலிக்கிறேன் என்று சுற்றும் எத்தனை பையன்களுக்கு இது தெரியும்? தேவாரம் பாடும் வாய்க்கு இதையும் சொல்லித்தரலாமே என்றேன். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக்கூடாது, தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

மூன்றாவது மறுப்புதான் எனக்குப் புதிது. பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன் எழுந்தார், சமூக அக்கறை உள்ளவர், தமிழ்ப்பள்ளிக்கு ஓடி ஓடி உழைப்பவர். "நம்ம எண்ணிக்கையே ஏழு விழுக்காட்டுக்குக் கீழ வந்துடுச்சு. தமிழ்ப்பள்ளியில முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைங்க இல்ல. இந்த நேரத்துல கருத்தடை பத்திப் பேசறீங்களேம்மா" என்றார். அவர் சொன்ன கணக்கு பொய் இல்லை. இந்த நாட்டு இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. அவர் வருத்தமும் பொய் இல்லை. இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வணிகத்துக்காகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்டார்கள், நாட்டிலேயே அதுதான் முதல். அந்தச் செம்பனை பரவப் பரவப் பால்மரம் போனது, பால்மரத்தோடு லயம் போனது, லயத்தோடு எதிர்வீட்டுப் பாட்டி, பக்கத்து வீட்டுச் சித்தி, ஆயாக் கொட்டகை எல்லாம் போனது. தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், இரண்டு பேரும் வேலைக்குப் போய், பாலர் பள்ளிக்கும் வீட்டுக்கடனுக்கும் கட்டும் ஒரு குடும்பம் மூன்றாவது பிள்ளையை யோசிக்காததற்கு ஆணுறை காரணம் இல்லை. பதினேழு வயசுப் பெண் படிப்பை விட்டுவிட்டு ஒளிந்து பெற்றுத்தான் நம் இனம் பெருகவேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வேறொருவர் பேசிவிட்டார்.

மூலையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர். பால்மரம் வெட்டிக் காய்த்த கை. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எம்பேத்திக்கு இந்த மண்டபத்துலதான் சடங்கு வெச்சோம். முந்நூறு பேரு. மைக்குல அறிவிச்சாங்க, வயசுக்கு வந்துட்டான்னு. வாசல்ல படம் போட்ட பேனர் வேற. அப்ப சாமிக்குக் காது கேக்கலியா?"

யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான், ஏனென்றால் எனக்கும் சுட்டது. 2014-இல் என் மகளுக்கு இதே மண்டபத்தில் செய்தேன். தாய்மாமன் சீர், பச்சை ஓலை கட்டிய குடிசை, உளுந்தங்களி, நல்லெண்ணெய், டி.ஜே. ஓர் உடல் பிள்ளை பெறத் தயாராகிவிட்டது என்று ஊரையே கூட்டிச் சோறு போட்டுச் சொல்கிறோம். அந்த உடலின் சொந்தக்காரிக்கு மட்டும் விளக்குவதில்லை. நான் என் மகளுக்குப் பேட் மாற்றச் சொல்லிக்கொடுத்தேன், வெள்ளை உடுப்பு போடாதே என்றேன். மருந்தகத்தில் வேலைக்குச் சேரும் முன்பு அது. மறுவருஷம் படிவம் ஒன்றில் எச்.பி.வி. தடுப்பூசிக்குச் சம்மதத் தாள் வந்தது. 2010 முதல் பதின்மூன்று வயதுப் பெண்களுக்கு அரசாங்கம் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் இருக்க என்று அவளிடம் சொன்னேன். "அது எப்படிம்மா வரும்?" என்று கேட்டாள். "கிருமி" என்றேன். எப்படிப் பரவும் கிருமி என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் அம்மாவின் மகள்தானே நான்.

முகாமில் அந்த ஒரு மணி நேரத்துக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு நிபந்தனை. தலைப்பு 'தன்தூய்மை' என்று இருக்கவேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மட்டும். எங்கள் ஊருக்குப் பெயர் மாற்றுவது புதிதா என்ன, ஒத்துக்கொண்டோம். பையன்களை ஃபுட்சால் விளையாட அனுப்பிவிட்டார்கள். மிஸ்ஸி ஒரு மணி நேரம் கேட்டவர், இரண்டே கால் மணி நேரம் பேசினார். கேள்விகளைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னோம். 'முத்தம் கொடுத்தால் கர்ப்பம் ஆகுமா' என்று இரண்டு தாள். 'மாமா வீட்டுக்கு வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஒரு தாள். அந்தத் தாளைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அதற்குச் செய்யவேண்டியதைச் செய்தோம். அந்த ஒரு தாளுக்காகவே அந்தப் பெட்டி தேவைப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன். 2011 முதல் பள்ளிப் பாடத்திட்டத்தில் இனப்பெருக்க, சமூக நலக் கல்வி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இனப்பெருக்கப் பாடமும் இப்போது படிவம் ஒன்றிலேயே வந்துவிடுகிறது, கருத்தடை உட்பட. புத்தகத்தில் இருப்பதும் வகுப்பில் நடப்பதும் ஒன்றா என்று அந்தப் பெண்களைக் கேட்டேன். ஒருத்தி சிரித்துக்கொண்டே "வீட்ல படிச்சிக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள். முப்பது வருஷம்.

ஃபுட்சாலுக்குப் போன பையன்களை யார் பார்ப்பது? ஊர்ப் பையன்களை என்னால் முடியாது. என் பையன் ஒருவன் இருக்கிறான், இப்போது பத்தொன்பது வயது. அவன் அப்பாவிடம் பேசச் சொன்னேன். "என்னத்தப் பேசறது, அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றார், நட்ட நடு நாள் பாதுகாப்பு என்று சொன்ன அதே மனிதர்.

அதனால் போன மாதம் கோலா சிலாங்கூருக்கு மீன் வாங்கப் போகும்போது காரில் ஆரம்பித்தேன். காரில் ஒரு வசதி, இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு பேசலாம், பையன் எழுந்து போகவும் முடியாது. கடையில் சொல்வதுபோலவே சொன்னேன். ஆணுறையை ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஒரு வருஷத்தில் நூறு ஜோடியில் இரண்டு பேருக்குத்தான் தவறும். சாதாரணமாக ஆட்கள் பயன்படுத்துகிற லட்சணத்துக்குப் பதின்மூன்று பேருக்குத் தவறும். வித்தியாசம் ரப்பரில் இல்லை, கவனத்தில். மாத்திரையும் ஊசியும் கர்ப்பத்தைத்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது. ஆணுறை ஒன்றுதான் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். இந்த நாட்டில் எச்.ஐ.வி. முன்பு ஊசி வழியாகத்தான் அதிகம் பரவியது, இப்போது உடலுறவு வழியாக. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடக்கூடாது, உரசிக் கிழியும். தேங்காயெண்ணெய், பேபி ஆயில் எதுவும் தடவக்கூடாது, எண்ணெய் பட்டால் லேட்டெக்ஸ் நைந்துபோகும். உங்க பாட்டி வெட்டின பால்தான்டா அது, உனக்குத் தெரியாதா என்றேன். அந்தப் பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பாதியில் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். உனக்கு வேண்டாம் என்றாலும் அதேதான்.

காதுவரை சிவந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். "மா, போதும்மா" என்றான். ரெண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றே ஒன்று, தேதி பார்த்து வாங்கணும், வெயில் படற இடத்துல வைக்கக்கூடாது, சூட்டுல கெட்டுப்போயிடும் என்று முடித்தேன்.

ஜெராம் போகும் திருப்பம்வரை பேச்சே இல்லை. பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"மோட்டார் சீட்டுக்கு அடியில வெச்சா?"

"வைக்கக்கூடாது" என்று சொல்லி, சிக்னல் போட்டுத் திரும்பினேன்.